ஒரு அட்டை மாத்திரை, இரண்டு வாய்

முள் குத்தியது எனக்குத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது இதைத்தான். கருவேல முள், சுண்டுவிரல் நீளம். செருப்பைத் துளைத்து, வலது காலின் இரண்டாம் விரலுக்கு அடியில் ஏறி ஒடிந்திருக்கிறது. அதோடு நான் ஐந்து நாள், பரளச்சிக்குப் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்திருக்கிறேன். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தியிருக்கிறேன். அந்த வாரத்துப் பாடம், சர்க்கரை நோயும் அதன் அறிகுறிகளும். இட்டுக்கட்டவில்லை. பாடக்குறிப்பேட்டில் இருக்கிறது, தலைமையாசிரியர் கையெழுத்தோடு.

முள்ளைக் கண்டுபிடித்தது என் மனைவி பாண்டியம்மாள். கண்ணால் அல்ல, கையால். ஞாயிற்றுக்கிழமை காலை தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குக் கீழே வந்ததும் நிறுத்தினாள்.

"என்னங்க, இங்க பிசுபிசுங்குது. எதையும் கொட்டுனீகளா?"

"காப்பியா இருக்கும்" என்றேன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவள் விரலை முகர்ந்து பார்த்தாள். பிறகு என் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துத் தடவினாள்.

"என்னமோ குத்திக்கிட்டு இருக்கு."

"எங்க?"

"உங்க கால்லதான்."

"எனக்குத் தெரியலையே."

என் காலை மடியிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அறிவியல் வாத்தியாருக்கு இன்னும் விளங்காத ஒன்று, ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது.

சர்க்கரை ரத்தத்தில் வருஷக்கணக்கில் கூடுதலாக ஓடினால் கால் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். முதலில் பாதம் எரியும். பிறகு மதமதக்கும். பிறகு ஒன்றுமே இருக்காது. அந்த ஒன்றுமில்லாததைத்தான் நான் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வருஷம் எரிந்த பாதம் போன தைப்பொங்கலோடு எரிவதை நிறுத்தியது. அருப்புக்கோட்டைக்குப் போய் நாலு எண்ணெய் பரோட்டா தின்று அதைக் கொண்டாடினேன்.

எங்கள் பக்கம், திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் இடைப்பட்ட இந்தக் காய்ந்த பூமியில், நாற்பது தாண்டிய யாரிடமும் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். முதல் வாக்கியம் மழை இல்லை என்று இருக்கும். இரண்டாவது பிள்ளைகளின் வேலையைப் பற்றி. மூன்றாவது வாக்கியத்தில் சுகரு வந்துவிடும். கல்யாண வீட்டுப் பந்தியில், இலைக்கு முன்னால் ஜாதகம் பார்ப்பதுபோல அளவு கேட்டுக்கொள்கிறார்கள். "உமக்கு எம்புட்டு?" "எரநூத்திப் பத்து." "எனக்கு எரநூத்தி நாப்பது." கூடுதலாக இருப்பவருக்கு ஒரு சின்னக் கர்வம்கூட உண்டு. ஜிலேபி அவர் பக்கம்தான் முதலில் நகரும்.

இதையெல்லாம் நான் தூரத்தில் நின்று சிரித்துப் பார்த்தவன். போன கோடை விடுமுறையில், பெரியவர்களுக்கு நாள்பட்ட நோய் வரக் காரணமான பழக்கவழக்கங்களைப் பற்றி ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அறிவியல் வாத்தியார் என்பதால் என் கையிலும் ஒரு கட்டுப் படிவத்தைக் கொடுத்தார்கள். புகையிலை உண்டா, சாராயம் உண்டா, வாரத்தில் எத்தனை நாள் காய்கறி, எத்தனை நாள் பழம், உப்பு எவ்வளவு, உடம்பை அசைக்கிறீர்களா. வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும்.

கரிமூட்டத்துக்குக் கருவேல மரம் வெட்டும் ஒரு அம்மாவிடம் கேட்டேன்: "மூச்சு வாங்குற மாதிரி வேலை ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம் செய்றீங்க?"

அவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மூச்சு வாங்காத வேலைன்னு ஒண்ணு இருக்காக்கும் சாரு? எங்க இருக்கு, சொல்லுங்க, நானும் வாரேன்."

பழம் எத்தனை நாள் என்றதற்கு இன்னொருவர், "மேலுக்குச் சொகமில்லாதப்ப யாராச்சும் பாக்க வந்தா வாங்கியாருவாக" என்றார். குடிப்பழக்கம் இல்லவே இல்லை என்று ஒருவர் சத்தியம் செய்துகொண்டிருந்தபோது அவருடைய மனைவி கதவுக்குப் பின்னால் சிரித்த சிரிப்பு படிவத்தில் எழுத இடமில்லாததாக இருந்தது. ஆசிரியர் அறையில் இவற்றை நடித்துக் காட்டி ஒரு மாதம் பேர் வாங்கினேன்.

கடைசியாக என் வீட்டுப் படிவம். அதைக் கட்டிலில் சாய்ந்தபடி ஐந்து நிமிஷத்தில் முடித்தேன். எனக்கு: புகையிலை இல்லை (வாயில் சீவலும் ஒரு கிள்ளுப் புகையிலையும் இருந்தன). நடைப்பயிற்சி தினமும் அரை மணி (முந்நூறு மீட்டரில் இருக்கும் பால் கடைக்குப் பைக்கில் போகிறவன்). சர்க்கரை நோய் இல்லை. பிறகு பாண்டியம்மாளுக்கும் எழுதினேன். காய்கறி ஏழு நாள். பார்வைக் குறைபாடு இல்லை.

"எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலையே?" என்றாள்.

"உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா?"

*

ஆஸ்பத்திரி அருப்புக்கோட்டையில். பெயர் வேண்டாம். அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள், செய்யக்கூடாததைச் செய்தது நான்தான். காத்திருந்த பெஞ்சில் என்னைச் சேர்த்து ஏழு பேர், எல்லோருக்கும் ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் துணிக்கட்டு. யாரும் யாரையும் என்ன என்று கேட்கவில்லை.

டாக்டருக்கு முப்பது வயது இருக்கலாம். என்னிடம் படித்திருக்கக்கூடிய வயது. நல்லவேளை, படிக்கவில்லை. நைலான் நூல் போன்ற ஒரு மெல்லிய இழையைக் கையில் எடுத்தார்.

"கண்ண மூடிக்கங்க சார். இத வச்சுப் பாதத்துல தொடுவேன். தொடுறது தெரிஞ்சா சொல்லுங்க."

மூடிக்கொண்டேன். மின்விசிறிச் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். அவர் இன்னும் தயாராகவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"ஆரம்பிக்கலாம் டாக்டர்."

"முடிஞ்சிருச்சு சார். பத்து எடத்துல தொட்டேன்."

என் வாழ்க்கையில் நான் கேட்ட வாக்கியங்களில் அவ்வளவு மெதுவாக உள்ளே இறங்கிய வாக்கியம் வேறில்லை.

பிறகு கேள்விகள். நான் ஊரெல்லாம் கேட்ட அதே கேள்விகள், அதே வரிசையில். கேட்பவருக்கும் சொல்பவருக்கும் இடையில் மேஜை ஒன்று இருந்தால் மனிதனுக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் பொய் சுலபமாக வருகிறது.

"சுகர் எத்தன வருஷமா?"

"ரெண்டு வருஷமா."

"மாத்திர?"

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஒரு நாள் விட்டதில்ல."

பக்கத்தில் நின்ற பாண்டியம்மாள் ஜன்னலைப் பார்த்தாள்.

ரத்தத்தில் சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு. இதுபோக மூன்று மாதச் சராசரி என்று ஒரு சோதனை உண்டு. பரிசோதனைக்கு முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து நல்ல பிள்ளையாக வருகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே கண்டுபிடித்ததுபோன்ற சோதனை அது. அதிலும் மாட்டினேன். டாக்டர் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒழுங்கா மாத்திர சாப்பிடுறவருக்கு இம்புட்டு வராதே" என்றார். கோபமாக இல்லை. ஒரு கணக்கு ஒத்துவராதபோது நான் கரும்பலகையைப் பார்ப்பேனே, அப்படி.

வார்டில் பக்கத்துக் கட்டில் காதர் பாய். அருப்புக்கோட்டைக்காரர், இருபது வருஷம் சவுதியில் லாரி ஓட்டியவர். இடது பாதத்தில் விரலே இல்லை. இப்போது வலது காலுக்காக வந்திருந்தார்.

"வாத்தியாரா?" என்றார்.

"எப்படிக் கண்டுபுடிச்சீங்க பாய்?"

"ஊசி போட வந்த பிள்ளைய, வீட்டுப்பாடம் எழுதாம வந்த மாதிரி பாத்தீகள்ல." தன் காலைக் காட்டினார். "இதுல அஞ்சும் போயிருச்சு. ஆனாலும் செருப்புக் கடைக்காரன் வெலையக் கொறைக்க மாட்டேங்கிறான் வாத்தியாரே."

எப்படி வந்தது என்று கேட்டேன். "அங்க தண்ணியும் கலரு சோடாவும் ஒரே வெல. ஒரே வெலைன்னா நீங்க எத வாங்குவீக? உக்காந்த சீட்ட விட்டு எறங்க மாட்டேன். சாப்பாடு சீட்டுல, தூக்கம் சீட்டுல. ஊருக்கு வந்தா, பாய் வந்துருக்காருன்னு வீட்டுக்கு வீடு பிரியாணி. வேண்டாம்னா கோவிச்சுக்கிருவாக." கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாரு கோவிச்சுக்கிட்டாக? நாந்தான் வேண்டாம்னு சொல்லவே இல்லையே" என்றார்.

மத்தியானம் பாண்டியம்மாள் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தாள். இரண்டாம் கவளத்தில் கடக்கென்றது. கல்லை எடுத்து விரல் நுனியில் வைத்துப் பாயிடம் காட்டினேன்.

"பாருங்க பாய். நரிக்குடியில இருந்து மச்சான் அனுப்புற அரிசி. நெல்ல ரோட்டுல காயப்போட்டு அள்ளுவாங்க. அரிசியோட ரோடும் வரும். ஒரு வருஷமா எங்க வீட்டுல மாநில நெடுஞ்சாலையத் தவணையில தின்னுக்கிட்டு இருக்கேன்."

ஆசிரியர் அறையில் ஏற்கெனவே விலைபோன நகைச்சுவை. பாய் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நல்லாத்தான் பாத்தேன்" என்றாள் பாண்டியம்மாள். மூடியைத் தடவிப் பார்த்து அழுத்தி மூடினாள்.

*

புண்ணைச் சுத்தம் செய்வது என்றால் கழுவித் துடைப்பது என்று நினைத்திருந்தேன். செத்த சதையைக் கத்தியால் வெட்டி எடுத்துக்கொண்டே போவார்கள், ரத்தம் கசியும் சதை தெரிகிறவரை. உயிருள்ள சதைதான் ரத்தம் விடும். என் காலில் வெட்டிக்கொண்டே போனார்கள், ரத்தம் வரவில்லை. எனக்கு வலிக்கவும் இல்லை. வலித்தால் தேவலை என்று ஒரு மனிதன் வேண்டிக்கொள்ளும் நிலை வரும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. நிறையப் படித்தவன் என்று பெயர்.

மூன்றாம் நாள் இரண்டாம் விரல் கறுத்தது. டாக்டர் கட்டில் ஓரத்தில் நின்று, மறைக்காமல் சொன்னார். அந்த விரல் போகும், அது முடிவு. பக்கத்து விரலும் போகலாம். கிருமி எலும்புக்குள் இறங்கியிருந்தால் பாதி பாதம். மருந்து கேட்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே வெட்ட வேண்டிவரும்.

"உங்க பழைய அளவெல்லாம் எனக்கு வேணும் சார். எத்தன மாசமா இப்படி இருக்கு, என்ன மாத்திர, எப்பக் கூட்டுனாங்க, கிட்னிக்கு எப்பப் பாத்தாங்க, எல்லாம். மாசாமாசம் மாத்திர குடுக்குறவங்க ஒரு புக்கு குடுத்திருப்பாங்கள்ல. அத நாளைக்குக் கொண்டாரச் சொல்லுங்க."

தலையாட்டினேன். அவர் போனதும் பாண்டியம்மாளிடம் மெதுவாகச் சொன்னேன்: "புக்கு தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிருவோம்."

இங்கேதான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் தெருவில் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்த்து மாத்திரை கொடுக்கும் பெண்ணின் பெயர் ஜெசிந்தா. என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். ஆய்வகத்தில் ரத்த வகை கண்டுபிடிக்கும் பாடத்தில், அடுத்தவன் விரலில் ஊசி குத்தியதைப் பார்த்தே மயங்கி விழுந்தவள். நர்ஸ் ஆக வேண்டும் என்று அவள் ஒருமுறை சொன்னபோது, "மொதல்ல தக்காளிச் சட்னியப் பாத்து மயங்காம இரு" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்தப் பெண்தான் இப்போது ஊர் முழுக்க விரலில் ஊசி குத்திக்கொண்டு வருகிறாள். மூன்று வருஷம் முன்பு பாண்டியம்மாளுக்குச் சர்க்கரை இருப்பதைக் கண்டுபிடித்துப் புத்தகம் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். அடுத்த வருஷம் அவள் "சார், நீங்களும் பாத்துருங்களேன்" என்றபோது, "எனக்கு நார்மல். டவுன்ல பாத்தாச்சு" என்று சொல்லிவிட்டேன்.

டவுனில் பார்த்தது உண்மை. நார்மல் என்பதுதான் உண்மை இல்லை. அருப்புக்கோட்டை லேபில் வாங்கிய சீட்டைப் பஸ் ஏறுவதற்கு முன்பே கிழித்துப் போட்டுவிட்டேன். வீட்டில் மட்டும் சொன்னேன்.

"ஜெசிந்தாகிட்டச் சொல்லி உங்க பேரையும் எழுதச் சொல்லவா?" என்றாள் பாண்டியம்மாள்.

"எங்கிட்டப் படிச்ச பிள்ளைகிட்ட நான் வெரல நீட்டிக்கிட்டு நிக்கவா? உனக்குத்தான் ரெண்டு குடுக்குறாங்கள்ல. எனக்கும் அதே வியாதிதானே, அதே மாத்திரதானே. ஒண்ண எனக்குக் குடு."

வீட்டுக்கு ஒரு ரேஷன் கார்டு, அதில் வரும் அரிசி எல்லோருக்கும். வீட்டுக்கு ஒரு கேஸ் சிலிண்டர். அந்தப் பழக்கம்தான். வீட்டுக்கு ஒரு சர்க்கரைப் புத்தகம். அன்றிலிருந்து காலை மாத்திரை எனக்கு, ராத்திரி மாத்திரை அவளுக்கு. காலையில் காப்பித் தம்ளரோடு மாத்திரையும் வரும். அளவு குறையவில்லையே என்று கவலைப்பட்ட ஜெசிந்தா, ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் சொல்லி அவளுக்கு மூன்றாகக் கூட்டிக் கொடுத்தாள். மூன்றாவது ஒரு சிக்கல். அதைப் பாக்குவெட்டியால் இரண்டாகப் பிளந்தேன். நேர்பாதியாக உடையாது. பெரிய துண்டை அவள் என் பக்கம் தள்ளுவாள். ஆம்பளைக்குத் தேவை கூடுதல் என்பது அவள் கணக்கு. நான் மறுத்ததாக ஞாபகம் இல்லை.

மருந்தின் அளவு என்றால் என்ன என்று வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவன் நான்.

"தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிருவோம்" என்று மறுபடி சொன்னேன்.

"உங்க காலு போனாலும் பரவாயில்லையா?"

"ஒரு புக்குல என்ன இருக்கு? எப்படியும் ஊசிதான் போடுறாங்க."

அவள் கட்டிலுக்கடியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள்.

*

மறுநாள் காலை டாக்டர் வந்ததும் அவள் மஞ்சள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினாள். முதல் நாளிலிருந்தே அது பைக்குள்தான் இருந்திருக்கிறது.

டாக்டர் புரட்டினார். நிறுத்தினார். அட்டையைத் திருப்பினார்.

"பாண்டியம்மாள்னு போட்டுருக்கே?"

நான் முந்திக்கொண்டேன். எவ்வளவு லாவகமாக வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் நாக்கு கூசுகிறது. "அது பேர மாத்தி எழுதிட்டாங்க டாக்டர். எழுதுன பொண்ணு எங்கிட்டப் படிச்சதுதான். அப்பவே கவனம் பத்தாது."

"அந்தப் பிள்ள மேல பழியப் போடாதீக."

பாண்டியம்மாள் சத்தமாகப் பேசவில்லை. ஆனால் இருபத்தைந்து வருஷத்தில் அடுத்த ஆள் முன்னால் அவள் என்னை மறித்துப் பேசியது அதுதான் முதல் தடவை. பக்கத்துக் கட்டிலில் காதர் பாய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"அது எம் பேருதான் டாக்டர். எனக்குக் குடுத்த மாத்திரதான். ரெண்டு வருஷமா ரெண்டு பேரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம். இவுக பேருல புக்கே இல்ல. இவுகளுக்குப் பழைய அளவுன்னு ஒண்ணும் கெடையாது. உள்ளதச் சொல்லிட்டேன், காலக் காப்பாத்துங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் படித்தார், பிறகு பாண்டியம்மாளைப் பார்த்தார்.

"நீங்க எப்பம்மா சாப்பிட்டீங்க?"

"எனக்கென்ன டாக்டர், நான் நல்லாத்தான் இருக்கேன். இவுகளுக்கு..."

"கையக் குடுங்க."

விரலில் குத்தி மெஷினில் வைத்தார். வெறும் வயிற்றில் முந்நூற்று முப்பத்தெட்டு.

"கண்ணு எப்படி இருக்கு?"

"வெள்ளெழுத்துதான். வயசாகுதுல்ல. கொஞ்சம் பனி மூடுன மாதிரி இருக்கும். கறுப்பா நூல் நூலா ஓடும், அப்புறம் போயிரும்."

டாக்டர் மேஜையிலிருந்த ஒரு மாத்திரை அட்டையை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். "இதுல எத்தன மாத்திர இருக்குன்னு சொல்லுங்க."

பாண்டியம்மாள் கையை நீட்டினாள், தடவி எண்ணுவதற்காக. டாக்டர் அட்டையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "தொடாம."

அவள் நீட்டிய கை அப்படியே நின்றது.

தரையின் பிசுபிசுப்பு. தடவி மூடிய தூக்குவாளி. டியூப் லைட் மங்கலாக எரிகிறது மாற்றுங்கள் என்று நாலு தடவை சொல்லி, நான் புதுசு மாட்டிய பிறகும், "இதுவும் மங்கலாத்தான் இருக்கு" என்று அவள் சொன்னது. கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் போலிருக்கிறது என்று நான் சொன்னது. பிறகு அரிசி. ஒரு வருஷமாகச் சோற்றில் கிடந்த ஒவ்வொரு கல்லும். அவள் அசட்டையாய் விட்ட கல் ஒன்றுகூட இல்லை. அவை அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் அதை வைத்து ஊரைச் சிரிக்கவைத்திருக்கிறேன்.

*

எனக்கு இரண்டு விரல்கள் போயின. பாதம் தப்பியது. இடுப்புக்குக் கீழே மரக்கவைத்து ஆபரேஷன் செய்தார்கள். கால் ஏற்கெனவே மரத்தது என்பதால் அது வீண்செலவு என்று மயக்க மருந்து கொடுக்கிறவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை, வாய்தான் பழக்கத்தில் பேசியது. இன்சுலினை இப்போது நானே வயிற்றில் போட்டுக்கொள்கிறேன்.

காதர் பாய்க்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆபரேஷனுக்கு அழைத்துப் போக வந்தபோது தலையணைக்கு அடியிலிருந்த புதுச் செருப்பை எடுத்து என் கட்டிலில் வைத்தார். "வலது மட்டும் நீங்க வச்சுக்கங்க வாத்தியாரே. ஒங்களுக்கு அளவு சரியா இருக்கும்." திரும்பி வந்த பிறகு இரண்டு நாள் அவர் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

நான் வீடு வந்த பத்தாம் நாள், ஊன்றுகோலோடு, பாண்டியம்மாளை மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அவள்தான் என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். பஸ்ஸின் ஊர்ப்பலகையை நான் படித்தேன், படிக்கட்டில் என்னை அவள் பிடித்துக்கொண்டாள். கண்ணுக்குள் மருந்து விட்டு, இருட்டறையில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். கண்ணுக்குப் பின்புறம் சினிமாத் திரைபோல ஒரு சவ்வு இருக்கிறது, நாம் பார்ப்பதெல்லாம் அதில்தான் விழும். சர்க்கரை கூடினால் அந்தத் திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கசியும், உடையும். வலது கண்ணில் திரை பெரும்பாலும் போய்விட்டது. இடது கண்ணில் லேசர் வைத்தால் மிச்சம் இருப்பதை நிறுத்திவைக்கலாம்.

"போனது திரும்புமா?" என்று கேட்டேன்.

"இருக்குறதக் காப்பாத்தலாம்" என்றார் கண் டாக்டர். கேட்டதற்குப் பதில் அதுவே என்பது புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

வெளியே பெஞ்சில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தவள், நான் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வரும் சத்தம் கேட்டு, "ரொம்ப நடக்காதீக, புண்ணு பிரிஞ்சிரும்" என்றாள்.

"ஏன் பாண்டி எங்கிட்டச் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? லைட்டு மங்கலா இருக்குன்னு சொன்னேன்ல."

*

ஜெசிந்தா போன வாரம் வந்தாள். இரண்டு புத்தகம் போட்டாள். நான் விரலை நீட்டினேன்.

"அங்கிட்டுத் திரும்பிக்கங்க சார். செல பேருக்குப் பாத்தா மயக்கம் வரும்" என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை, ஆனால் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். வாங்கிக்கொண்டேன்.

பிறகு புத்தகத்தில் அளவை எழுதிக்கொண்டே சொன்னாள்: "அக்காவுக்கு ஏன் எறங்க மாட்டேங்குதுன்னு மாசாமாசம் பயந்துக்கிட்டே இருந்தேன் சார். நான் குத்துறதுல தப்பா, மெஷின்ல தப்பான்னு. ரெண்டு தடவ மெஷின மாத்திக்கூடப் பாத்தேன்."

"நான் செஞ்ச வேல, ஜெசிந்தா."

"நீங்க மட்டுமா? இந்தத் தெருவுலயே இன்னும் நாலு வீடு இருக்கு. டாக்டரப் பாக்க ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் சம்பளம் போகும்ல, அதான் ஒருத்தர் போனாப் போதும்னு. ஒரு வீட்டுல மாமியா பேருல மருமக சாப்பிடுது. இன்னொரு வீட்டுல திருப்பூர்ல இருக்குற மகனுக்குப் பார்சல் போகுது. இப்பத்தான் ஒவ்வொருத்தரா ஒத்துக்கிறாக. உங்க காலப் பாத்துட்டு."

அந்த நாலு வீட்டுக்கும் நான் படிவத்தோடு போயிருக்கிறேன். உப்பைக் கேட்டேன், பழத்தைக் கேட்டேன், மூச்சு வாங்குகிறதா என்று கேட்டேன். மாத்திரையை யாரோடு பங்கு போடுகிறீர்கள் என்ற கேள்வி அதில் இல்லை. இருந்திருந்தாலும் என் வீட்டுக் கட்டத்தில் நான் என்ன எழுதியிருப்பேன் என்பது எனக்குத் தெரியும்.

இப்போது காலையில் அரிசி பார்ப்பது என் வேலை. மருத்துவ விடுப்பில் இருக்கிறவனுக்கு நேரம் இருக்கிறது. வாசலில் நாற்காலி போட்டு, கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி, மூக்குக்கண்ணாடியோடு அரிசி பரப்பிய சுளகை மடியில் வைத்துக்கொள்வேன். வெள்ளைக் கல் அரிசியைப் போலவே இருக்கும். கறுப்புக் கல் சுலபம். தெருவில் போகிறவர்கள், "என்ன சாரு, புது வேலையா?" என்பார்கள். பதிலுக்கு ஒன்று சொல்ல வாய் வரும். சொல்லவில்லை.

நேற்று மத்தியானம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பாண்டியம்மாள் வாயிலிருந்து கடக்கென்று சத்தம் வந்தது. மெல்லுவதை நிறுத்தினாள். நான் கவளத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். அவள் கல்லை எடுத்து, தட்டின் விளிம்பைத் தடவிக் கண்டுபிடித்து, அதன்மேல் வைத்தாள்.

"மோர் ஊத்தவா?" என்றாள்.